கோழி பிடிக்கும் காட்டுப்பூனையை ஊருக்குள்ளேயே காப்பாற்ற முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் பக்கம் கரும்பு வெட்டும்போது அடிக்கடி காட்டுப்பூனைக் குட்டிகள் அகப்படுகின்றன. கோழியைத் தூக்குகிறது என்று சிலர் விஷமும் வைக்கிறார்கள். புலிக்காவது காப்பகம் இருக்கிறது. இந்தச் சின்னப் பூனைகளை மக்கள் வாழும் இடத்திலேயே காப்பாற்றிய உதாரணம் எங்காவது உண்டா? அங்கே என்ன செய்தார்கள்? எங்கள் ஊரில் என்ன செய்யலாம்?"

உதாரணம் உண்டு. ஸ்பெயினில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. வங்காளத்திலும் ஒடிசாவிலும் ஆந்திராவிலும் நடந்துகொண்டிருக்கிறது. இந்த இடங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது ஒன்றுதான். பூனை வாழும் நிலம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு அந்த நிலத்தை இருக்கிறபடியே வைத்திருப்பதில் நஷ்டம் வரக்கூடாது. அதற்கு வழி செய்த இடங்களில் பூனை பிழைத்திருக்கிறது. வெறும் சட்டத்தையும் விழிப்புணர்வு நோட்டீசையும் நம்பியிருந்த இடங்களில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

உலகில் சுமார் 40 பூனை இனங்கள் இருக்கின்றன. சிங்கம், புலி, சிறுத்தை என்று நமக்குப் பெயர் தெரிந்த பெரியவை ஏழெட்டுதான். மீதி முப்பதுக்கும் மேற்பட்டவை சின்னவை. பணமும் கவனமும் பெரியவற்றுக்கே போய்விடுகின்றன. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம், காட்டில் ஒரு எல்லை போட்டு, உள்ளே மனித நடமாட்டத்தைக் குறைத்து, நடுவில் புலியை வளர விடுகிறது. புலிக்கு அது ஓரளவு பலித்தது. சின்னப் பூனைகளுக்கு அது பொருந்தாது. அவற்றில் பல இருப்பதே வயலில், ஏரிக்கரையில், குளத்து மேட்டில், கரும்புக்குள், முள்ளுக்காட்டில். இவையெல்லாம் பட்டா நிலம், இல்லையென்றால் ஊர்ப் புறம்போக்கு. வேலி போட்டு மக்களை வெளியே அனுப்புகிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இதற்குச் சரியான உதாரணம் மீன்பிடிப் பூனை. வீட்டுப்பூனையைப்போல இரண்டு மடங்கு இருக்கும். ஆண் பூனை 17 கிலோ வரைகூட வரும். கட்டையான உடம்பு, குட்டை வால், நெற்றியில் கறுப்புக் கோடுகள், உடம்பெல்லாம் புள்ளிகள், விரல்களுக்கிடையே லேசான சவ்வு. தண்ணீரில் நீந்தும், முங்கும், ஆழமில்லாத ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மீனுக்காகக் காத்திருக்கும். உலக அளவில் அழிவாய்ப்பு உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கு உள்ள அதே இடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது இருப்பதற்கு உறுதியான சான்று இல்லை. கேரளக் கடலோரத்தில் இருப்பதாகப் பழைய நூல்கள் சொன்னதை நம்பி ஆய்வாளர்கள் போய்த் தேடினார்கள். ஒன்றுகூட அகப்படவில்லை என்று 2014இல் எழுதினார்கள். அந்த ஆய்வில் பங்குகொண்ட ஷோமிதா முகர்ஜி, கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்திலிருந்து இந்தியாவின் சின்னப் பூனைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இல்லாத இடத்தை 'இல்லை' என்று பதிவு செய்வதும் பாதுகாப்பு வேலைதான். அது தெரிந்தால்தான் இருக்கிற இடத்துக்குக் காசும் ஆளும் போகும்.

இருக்கிற இடங்களில் முக்கியமானது மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டம். கொல்கத்தாவுக்கு ஆற்றின் மறுகரை. அங்கே சரணாலயம் எதுவும் கிடையாது. நெருக்கமான கிராமங்கள், வீட்டுக்கு வீடு குளம், நடுநடுவே சம்பங்கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்புத் திட்டுகள். பூனை பகலில் நாணலுக்குள் படுத்திருந்து இரவில் குளத்துக்கு வரும். அந்த நாணல் காடுகள் பெரும்பாலும் தனியார் சொத்து. தானாக முளைத்த தரிசு என்று அவற்றை நினைத்துவிடக்கூடாது. வெற்றிலைக்கு நம் ஊர்க் கொடிக்காலில் அகத்தி நிழல் கொடுக்கிறது. அங்கே வெற்றிலைத் தோட்டத்தையே மூங்கிலும் நாணலும் வைத்து வீடு மாதிரி அடைத்துவிடுவார்கள். அதற்கு வருடா வருடம் நாணல் வேண்டும். அறுத்தால் வேரிலிருந்து மறுபடி வளரும். நிலத்துக்காரருக்கு வருமானம், பூனைக்கு வீடு. இந்த ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் பூனை இத்தனை காலம் அங்கே இருந்ததற்கு இதுதான் காரணம்.

செங்கல் சூளைக்காரரும் வீட்டுமனைக்காரரும் நாணலைவிட அதிக விலை சொல்லும்போது இது உடைகிறது. நிலத்துக்காரர் விற்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். நாணல் போனதும் பூனை வீடுகளுக்கு இன்னும் நெருங்கி வருகிறது, குளத்து மீனையும் சிலசமயம் ஆட்டுக்குட்டியையும் பிடிக்கிறது, அடிபடுகிறது. 2010 ஏப்ரலிலிருந்து 2011 மே வரை ஹவுராவில் மட்டும் 27 மீன்பிடிப் பூனைகள் செத்துக் கிடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கண்ணில் பட்டவை மட்டும் அவ்வளவு.

தியாசா ஆத்யா என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தச் சமயத்தில்தான் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தானியங்கி கேமராக்களைக் கொண்டுபோய் மக்களுடைய வீட்டுப் பின்புறங்களிலேயே வைத்தது. படத்தை முதலில் பார்க்கிறவர் அந்த வீட்டுக்காரர். தன் குளத்துக்கு இரவில் என்னென்ன வருகின்றன என்று அவரே தெரிந்துகொள்கிறார். 'ஆடு போனால் பூனைதான்' என்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக 'எந்த விலங்கு, எந்த நேரம், எந்த வழி' என்ற பேச்சாக மாறுகிறது. பழியை யார்மேல் போடுவது என்பதே அப்போது மாறிவிடும். 2012இல் மேற்கு வங்க அரசு இதை மாநில விலங்காக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஊர்க்காரருக்குக் கொஞ்சம் பெருமையைக் கொடுத்தது உண்மை. ஆனால் நாணல் காட்டை மனையாக மாற்றுவதை அது நிறுத்தவில்லை. நிலத்தைப் பற்றிய கணக்கு மாறாமல் விலங்குக்குப் பட்டம் மட்டும் கொடுத்தால் இவ்வளவுதான் நடக்கும்.

இதில் அரசின் பங்கு ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசு நிலத் தொகுப்பில், நீர் தேங்கிய சதுப்பு நிலமும் ஒரு வகைத் தரிசாகக் கணக்கில் வருகிறது. சதுப்பைத் தரிசு என்று காகிதத்தில் எழுதிவிட்டால், அதை நிரப்பிக் கட்டடம் கட்டுவது முன்னேற்றம் என்றாகிவிடுகிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டப்பட்ட கதை நமக்குத் தெரியும். 2022இல் அது ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

ஒடிசாவின் சிலிகா ஏரி இதைவிட நம்பிக்கை தருகிறது. சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் உவர்நீர். அதன் ஓரங்களில் நாணல் சதுப்புகள். மீன்பிடித்துப் பிழைக்கும் கிராமங்கள். அங்கே மீன்பிடிப் பூனையை எண்ணினார்கள். 2022இல் வந்த கணக்கு 176. காப்பகங்களுக்கு வெளியே, மக்கள் புழங்கும் இடத்தில் எடுத்த கணக்கு இது. சிலிகா வளர்ச்சி ஆணையமும் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தார்கள். உள்ளூர் மீனவர்கள் உடன் நின்றார்கள். ஏரியின் ஆரோக்கியம் மீனவருக்கே நேரடியாகச் சோறு போடுகிற விஷயம். 1990களில் சிலிகா கடல்முகம் தூர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, மீன் அருகிப்போய்த் தவித்தது. 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டிய பிறகு மீன்வளம் திரும்பியது. ஏரி கெட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்களிடம் சதுப்பைப் பற்றிப் பேசுவது சுலபம்.

ஆந்திராவில் கோதாவரி முகத்துவாரத்தில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் கோரிங்கா அலையாத்திக் காடு இருக்கிறது. 2018 கணக்கெடுப்பில் அங்கே 115 மீன்பிடிப் பூனைகள். அதைச் சுற்றிலும் இறால் பண்ணைகள், மீன் பண்ணைகள். வலையைக் கிழித்து மீனைத் தின்கிறது என்று மீனவர்கள் புகார் சொல்வதும் உண்டு. அங்கே தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்தில் ஒரு முறையைக் கையாண்டது. அலையாத்தி பட்டுப்போன இடங்களில் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழி செய்து, தேங்கிய உப்பைக் குறைத்து, அப்புறம் செடி நடுவார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து அதையே கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களிலும் ஊர்க்குழுக்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு செய்தார்கள். பூனைக்காகச் செய்ததல்ல அது. மீனவருக்குக் காடு வளர்ந்தால் புயலுக்கு மறைப்பு, கால்வாயில் மீனும் நண்டும் கூடும். ஆனால் பூனைக்கு வேண்டிய காடும் அதுதான். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது: ஊர்க்காரரிடம் பூனையின் பெயரையே சொல்லாமல் பூனைக்கு வேண்டியதைச் செய்ய முடியும்.

சரி, இதெல்லாம் பாதிவழியில் இருக்கிற கதைகள். எண்ணிக்கை நிஜமாகவே மேலே ஏறிய இடம் ஸ்பெயின்.

ஐபீரிய லின்க்ஸ் என்பது காதில் மயிர்க்குஞ்சமும் கன்னத்தில் தாடியும் உள்ள 10, 12 கிலோப் பூனை. 2002இல் எண்ணியபோது 94 மட்டும். அதுவும் அந்தலூசியாவில் இரண்டே இடங்களில், தோன்யானா சதுப்பிலும் அந்தூஹார் மலைப்பகுதியிலும். இந்தப் பூனையின் வாழ்வே முயலை நம்பி இருக்கிறது. சராசரியாக நாளுக்கு ஒரு முயல் வேண்டும். 1950களில் ஒரு நோயும் 1980களின் இறுதியில் இன்னொரு நோயும் முயல்களை வாரிக்கொண்டுபோனதும் பூனையும் சரிந்தது. போதாக்குறைக்கு நரி பிடிக்க வைத்த பொறிகளிலும் மாட்டிச் செத்தது.

இந்தப் பூனை வாழ்ந்த நிலத்தில் பெரும்பகுதி தனியார் வேட்டை எஸ்டேட்டுகள். முயல் வேட்டைதான் அவர்களுக்குக் காசு. லின்க்ஸ் நம் முயலைத் தின்கிறது என்று அவர்கள் கோபப்பட்டது நம் ஊரில் கோழிக்காகக் கோபப்படுவதற்குச் சமம். இந்த இடத்தில் ஒரு ஆய்வு பெரிய உதவி செய்தது. தோன்யானாவில் 1995இல் வெளியான அந்த ஆய்வு, லின்க்ஸ் இருக்கும் இடங்களில் முயல் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது என்று காட்டியது. காரணம், லின்க்ஸ் தன் எல்லைக்குள் கீரியை விட்டுவைப்பதில்லை. லின்க்ஸ் தின்கிற முயலைவிட, கீரிகளிடமிருந்து தப்புகிற முயல் அதிகம். நிலத்துக்காரரிடம் 'உன் லாபத்துக்கு எதிரி என்று நினைத்தாயே, அது உன் பக்கம்தான்' என்று சான்றோடு சொல்ல முடிந்தது.

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. எஸ்டேட் எஸ்டேட்டாக ஒப்பந்தம் போட்டார்கள். குறிப்பிட்ட பகுதியில் முயல் வேட்டையை நிறுத்த வேண்டும், பொறி வைக்கக் கூடாது, ஆய்வாளரை உள்ளே விட வேண்டும். பதிலுக்கு முயலைக் கொண்டுவந்து விடுவது, முயல் வளை அமைத்துக் கொடுப்பது, புதரைச் சீர்படுத்துவது போன்ற வேலைகளைத் திட்டமே செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. 2005இல் கூண்டில் வளர்ந்த லின்க்ஸ் முதல்முறை குட்டி ஈன்றது. பிறகு புதிய இடங்களில் விடத் தொடங்கியபோது, அங்கே முயல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததோடு, மக்கள் மனநிலை என்ன என்றும் கேட்டுத்தான் இடம் தேர்ந்தார்கள். 2023 கணக்கில் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் சேர்த்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. அழியும் ஆபத்தைக் காட்டும் உலகப் பட்டியலில் மிக மோசமான நிலையிலிருந்து 2015இலும், அதற்கடுத்த நிலையிலிருந்து 2024இலும் மீண்டது. இப்போதும் நிறைய லின்க்ஸ்கள் சாலையில் அடிபட்டுச் சாகின்றன, வேலை முடியவில்லை. ஆனாலும் 94 இரண்டாயிரம் ஆனது, தனியார் நிலத்தில், வேட்டைக்காரர்களின் சம்மதத்தோடு. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பணம் அவ்வளவு இல்லாத நாட்டில் என்ன செய்வது? உகாண்டாவில் ஆப்பிரிக்கப் பொன்னிறப் பூனைக்காக வேலை செய்யும் பத்ரு முகெர்வா நல்ல பதில் வைத்திருக்கிறார். அந்தப் பூனையை அங்கே யாரும் குறிவைத்துப் பிடிப்பதில்லை. சிறு மான், காட்டுப்பன்றிக்காகக் காட்டில் வைக்கும் சுருக்குக் கண்ணியில் பூனையும் மாட்டிக்கொள்கிறது. வீட்டில் கறி இருந்தால் கண்ணி வைக்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதனால் வேட்டையை விடுவதாக உறுதி சொல்லும் குடும்பத்துக்கு வளர்ப்பதற்குப் பன்றி போன்ற பிராணி கொடுக்கிறார்கள். அது போடும் குட்டியில் பங்கு அடுத்த குடும்பத்துக்குப் போகும். கூடவே இலவசப் பல் வைத்தியமும் உண்டு. பூனைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அந்த ஊர்களில் பல்வலிக்கு வைத்தியரே கிடையாது. மக்களுக்கு உண்மையில் எது இல்லை என்று கேட்டதால் வந்த யோசனை அது.

இலங்கை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன்பிடிப் பூனை உங்கள் தீவில் பல இடங்களில் இருக்கிறது. கொழும்பு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2018இல் ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற அந்த நகரத்தின் சதுப்புகளில் பகலில் படுத்து, இரவில் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் அலங்கார மீனைப் பிடிக்கிறது. அன்யா ரத்நாயக்க என்ற ஆய்வாளர் கழுத்துப்பட்டை மாட்டி இதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். அங்கே முதல் எதிரி வாகனம்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் சாதாரணக் காட்டுப்பூனையாக இருக்கும்: மண் நிறம், நீண்ட கால், காது நுனியில் சின்னக் கறுப்பு மயிர், வாலில் சில கறுப்பு வளையம். வளர்ந்த பிறகும் குட்டி என்றே தோன்றும் அளவுக்குச் சின்னதாக, துருநிறப் புள்ளிகளோடு இருந்தால் அது துரும்பன் பூனை. சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாத அது உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று, அருகிவரும் இனம்.

காட்டுப்பூனை கோழி பிடிக்குமா? பிடிக்கும். மாலையில் வேலியோரம் வெருகை, அதாவது காட்டுப்பூனையைக் கண்ட பேடைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடும் காட்சி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. 'அது கோழியைத் தொடாது, எலி மட்டும்தான் தின்னும்' என்று விவசாயியிடம் போய்ச் சொல்லாதீர்கள். நாளைக்கு ஒரு கோழி போனால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் அவர் நம்பமாட்டார். உண்மையைச் சொல்லுங்கள்: அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு எலி. ராஜஸ்தானின் சரிஸ்காவில் செய்த ஆய்வு நாளுக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை என்று கணக்கிட்டது. நெல்லும் கரும்பும் போடுகிறவருக்கு எலி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

கோழிக்கு உண்மையான தீர்வு கூடுதான். பொழுது இறங்குவதற்கு முன் அடைக்க வேண்டும். மூங்கில் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைப்பது போதாது, காட்டுப்பூனை புரட்டிவிடும். நாலு பக்கமும் மேலும் கம்பி வலை, கீழே ஒரு சாண் ஆழத்துக்கு வலையைப் புதைத்துவிடுவது, கதவுக்குக் கொக்கி. இதைச் செய்தால் கீரி, மரநாய், தெருநாய் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. கோழிக்கு இழப்பீடு வாங்குவது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம். அதனால் ஊரில் நாலு பேர் சேர்ந்து, ஒன்றிரண்டு கோழியை நம்பிப் பிழைக்கும் வீடுகளுக்கு முதலில் கூடு அடித்துக் கொடுத்தால், அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேலை இல்லை. விஷம் வைக்கிற வீட்டோடு சண்டைக்குப் போகாமல், அந்த வீட்டுக்கே முதல் கூட்டைக் கொடுக்கச் சொல்வேன். அப்புறமாக, விஷம் வைத்த இரையை நாயும் ஆந்தையும் தின்று சாகும், காட்டுப்பூனையைக் கொல்வது குற்றம் என்பதையும் பேசலாம்.

கரும்பு வெட்டுக்கு: நாலு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்காமல் ஒரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனால் தாய்க்கு வழி கிடைக்கும். வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைக்கும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள். குட்டிகள் பெரும்பாலும் அந்தக் குவியலில்தான் கிடக்கும். கண்டால் கையால் தூக்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தாய் போய்விட்டது என்று நினைப்பார்கள். அது பக்கத்து வரப்பில்தான் இருக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கரும்பை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு விலகினால், இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே யாராவது எடுத்து வந்திருந்தால், இருட்டுவதற்கு முன் எடுத்த அதே இடத்தில் ஒரு பெட்டியிலோ கூடையிலோ வைத்துவிட்டு விலகுங்கள், வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். மகாராஷ்டிராவின் ஜுன்னர், நாசிக் பக்கத்துக் கரும்புக் காடுகளில் சிறுத்தைக் குட்டிகளையும் துரும்பன் பூனைக் குட்டிகளையும் வனத்துறையினர் இப்படித்தான் தாயோடு சேர்க்கிறார்கள். வெட்டும் கூலி ஆட்கள் வெளியூரிலிருந்து வருவதால், வெட்டு தொடங்கும் முதல் நாளே மேஸ்திரியிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது. ஒரு பாத்தி தாமதமானால் அன்றைய கூலி குறையாது என்று நிலத்துக்காரர் வாக்குக் கொடுத்தால் அவர்கள் சந்தோஷமாகவே செய்வார்கள்.

படம் எடுத்தால் தேதியையும் இடத்தையும் குறித்து வனத்துறைக்கோ ஆய்வாளருக்கோ அனுப்புங்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பதையும் அப்படியே பதிவு செய்யுங்கள். எந்த வளைவில் அடிக்கடி சாகிறது என்று தெரிந்தால் அங்கே வேகத்தடை கேட்கலாம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இடத்தோடு போடாதீர்கள். 'சிறுத்தைக் குட்டி' என்று யாராவது ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டால் மறுநாள் காலையில் அந்த வரப்பில் கூட்டம் கம்போடு நிற்கும்.